எந்தப் பாடம் எடுக்கலாம், சாமி?

மே மாதத்தில் ஏற்காட்டைப் பற்றி நாளிதழ்களில் வரும் செய்திகள் ஆண்டுதோறும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். கோடை விழா, மலர்க் கண்காட்சி, படகுத் துறையில் நீண்ட வரிசை, இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் வாகன நெரிசல். அதே மாதத்தில்தான் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகளும் வெளியாகின்றன என்பது மலையேறி வரும் விருந்தினரின் நினைவில் இருப்பதில்லை. இருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. ஆனால் சேர்வராயன் மலை ஊர்களில் அந்நாள்களில் வேறொரு நெரிசல் நிகழ்கிறது. காப்பித் தோட்டத்து லைன் வீடுகளிலும் மலைக்கிராமத்து முற்றங்களிலும் மதிப்பெண் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு குடும்பங்கள் திகைத்து நிற்கின்றன. அவர்களுள் சிலர் பங்குத்தந்தையின் இல்லத்துக்கும் வருகின்றனர். கேள்வி ஒன்றே: எந்தப் பாடம் எடுக்கலாம், சாமி?

குருமடத்தில் மெய்யியலும் இறையியலும் கற்ற நமக்கு, வேதியியலுக்கும் வணிகவியலுக்கும் இடையே தீர்ப்பு வழங்கும் தகுதி எங்கிருந்து வந்தது என்று நாம் எண்ணிப் பார்ப்பதுண்டு. கேட்பவர்கள் நம்மிடம் எதிர்பார்ப்பது பாட அறிவை அன்று. பிள்ளையைக் குறித்துக் கடவுள் ஒன்றை முடிவு செய்து வைத்திருக்கிறார். அது என்னவென்று சாமிக்குத் தெரியும், அல்லது செபித்துத் தெரிந்து சொல்வார் என்பதே அவர்களது நம்பிக்கை. அந்த நம்பிக்கையை நாம் எளிதாக எண்ணவில்லை. ஆயினும் அதனுள் ஒரு தவறான இறையியல் ஒளிந்திருக்கிறது. அது பிள்ளைகளை வாட்டுகிறது என்பதால் அதைப் பற்றி எழுத விழைகிறோம்.

திருச்சபையில் இறையழைத்தலுக்காகச் செபிக்கும் உலக நாள் 1964 முதல் கொண்டாடப்பட்டு வருகிறது. பாஸ்கா காலத்தின் நான்காம் ஞாயிறான நல்லாயன் ஞாயிறே அந்நாள். அது ஏப்ரலிலோ மே மாதத்திலோ, அதாவது தேர்வு முடிவுகளை ஒட்டியே, வருகிறது. அன்று பீடத்திலிருந்து நாம் ‘அழைத்தல்’ என்ற சொல்லைப் பலமுறை கூறுகிறோம். சாமுவேலை ஆண்டவர் பெயர் சொல்லி அழைத்ததையும், வலைகளை விட்டுவிட்டுச் சீடர்கள் பின்சென்றதையும் விளக்குகிறோம். கேட்டுக்கொண்டிருக்கும் பதினேழு வயதுப் பிள்ளை என்ன முடிவுக்கு வருகிறது? கடவுள் ஒரே ஒரு வழியைத் தனக்கெனக் குறித்து வைத்திருக்கிறார்; அதைக் கண்டுபிடிக்கத் தவறினால் வாழ்நாள் முழுதும் தவறான பாதையில் நடக்க நேரிடும் என்று அஞ்சுகிறது. பாடப்பிரிவைத் தெரிவு செய்வதுகூட ஒளித்துவைத்த பொருளைத் தேடும் விளையாட்டைப் போல ஆகிவிடுகிறது. தெளிவு பிறக்காதபோது, தன் விசுவாசத்தில்தான் ஏதோ குறை என்று அது நினைத்துக்கொள்கிறது.

நம் மரபு இவ்வாறு கற்பிக்கவில்லை. தேர்ந்து தெளிதலைப் பற்றி நமக்குக் கிடைத்துள்ள நூல்களுள் தலைசிறந்தது புனித லொயோலா இஞ்ஞாசியாரின் ‘ஆன்மீகப் பயிற்சிகள்’. 1548இல் திருத்தந்தை மூன்றாம் பவுல் அதற்கு ஒப்புதல் அளித்தார். அதில் வாழ்க்கைத் தெரிவுகளைக் குறித்து இஞ்ஞாசியார் ஒரு பாகுபாடு செய்கிறார். சில தெரிவுகள் மாற்ற முடியாதவை. குருத்துவமும் திருமணமும் அவ்வகையைச் சேர்ந்தவை. வேறு சில மாற்றத்தக்கவை. வருமானம் தரும் ஒரு பதவியை ஏற்பதும் விடுவதும், உலகப் பொருள்களைக் கொள்வதும் துறப்பதும் போன்றவை. இரண்டையும் ஒரே தராசில் வைத்து நிறுத்தல் ஆகாது.

இந்தப் பாகுபாட்டை நம் குடும்பங்களுக்குக் கொண்டுவந்து பாருங்கள். திருமணத்தை மாற்ற முடியாததென்று நாம் போதிக்கிறோம், சரி. ஆனால் இளங்கலையில் எடுக்கும் பாடத்தையும் அதே பீடத்தில் ஏற்றிவைத்துவிட்டோம். பெண் பார்ப்பதற்கு எடுத்துக்கொள்ளும் காலத்தைவிடக் குறைந்த காலத்தில், திருமண ஒப்பந்தத்தைவிடக் கடுமையான உறுதியோடு, பதினேழு வயதில் ஒரு பாடத்துக்கு வாக்குக் கொடுக்கச் சொல்கிறோம். அது குருப்பட்டமும் அன்று, மெய்விவாகமும் அன்று. மூன்றாண்டுப் பயிற்சி ஒன்று, அவ்வளவே.

இஞ்ஞாசியாரின் சொந்த வாழ்வே இதற்குச் சான்று. 1521இல் பம்பலோனாவில் பீரங்கிக் குண்டால் கால் முறிந்த கதையை மறையுரைகளில் கேட்டிருப்பீர்கள். அதன் பிறகு நடந்ததை நாம் அவ்வளவாகச் சொல்வதில்லை. எருசலேமிலேயே தங்கி ஆன்மாக்களுக்கு உதவி செய்ய வேண்டும் என்பதே அவரது திண்ணமான எண்ணம். 1523இல் அங்குச் சென்றும் சேர்ந்தார். திருத்தலங்களுக்குப் பொறுப்பாயிருந்த பிரான்சிஸ்கு சபையார் அவரை அங்குத் தங்க விடவில்லை. இதுவே இறைத்திட்டம் என்று உறுதியாக நம்பியிருந்த ஒருவர், கப்பலேறித் திரும்பும்போது, இனி என்ன செய்வது என்று வினவிக்கொண்டே வந்தார். படிக்கலாம் என்ற எண்ணம் மெல்ல உருவாயிற்று. 1524இல் பார்சலோனா நகரில், ஏறக்குறைய முப்பத்து மூன்று வயதில், இலத்தீன் இலக்கணம் கற்கத் தொடங்கினார்.

அங்கும் படிப்பு நேர்கோட்டில் செல்லவில்லை. அல்காலாவுக்குச் சென்றபோது தருக்கம், இயற்கை மெய்யியல், இறையியல் ஆகியவற்றை ஒரே வேளையில் அவசரமாகக் கற்று எதிலும் அடித்தளம் அமையாமற் போயிற்று. ஆகவே 1528இல் பாரீசு சென்று, மோன்டெகு கல்லூரியில் சிறுவரோடு அமர்ந்து இலத்தீனையே மறுபடியும் முதலிலிருந்து படித்தார். 1535இல் கலைகளில் முதுகலைப் பட்டம் பெற்றார். தேர்ந்து தெளிதலின் ஆசிரியர் என்று திருச்சபை போற்றும் ஒருவர், தம் படிப்பை இருமுறை தொடங்கியவர்! நம் பங்குகளில் ஒரு பையன் இளங்கலை முதலாண்டை விட்டு வேறு பாடத்தில் சேர்ந்தால் அவனுக்கு நாம் சூட்டும் பெயர்கள் யாவை என்பதை வாசகர்கள் அறிவார்கள்.

திருத்தூதர் பணிகள் நூலின் பதினாறாம் அதிகாரத்திலும் இத்தகைய நிகழ்ச்சி உண்டு. பவுலடியாரும் உடன்சென்றோரும் ஆசியாவில் போதிக்க முயல்கிறார்கள்; தடை. பித்தினியாவுக்குப் போக முயல்கிறார்கள், மறுபடியும் தடை. துரோவா வந்து சேர்ந்த பிறகே மாசிதோனியாவுக்கு வரச்சொல்லும் காட்சி கிடைக்கிறது. திசை தெரிந்த பிறகு நடக்கலாம் என்று அவர்கள் அந்தியோக்கியாவிலேயே உட்கார்ந்திருந்தால் துரோவாவை அடைந்திருக்க மாட்டார்கள்.

இவ்வளவும் சொன்ன பின் ஒரு தடையுரை எழும். மாற்றலாம் என்று சாமியார் எளிதில் சொல்லிவிடலாம். மாற்றுவதற்குப் பணம் யார் தருவார்? நியாயமான கேள்வி. அமெரிக்கக் கல்லூரிகள் பலவற்றில் முதல் ஈராண்டுகள் பல துறைப் பாடங்களையும் படித்துப் பார்த்து, அதன் பிறகே முதன்மைப் பாடத்தை மாணவர் அறிவிக்கிறார். நம் நாட்டில் கல்லூரி வாயிலில் நுழையும்போதே பாடம் முடிவாகிவிடுகிறது. உண்மையில் அதற்கும் முன்பே, பதினோராம் வகுப்பில் பிரிவைத் தேர்ந்தெடுக்கும் பதினைந்தாம் வயதிலேயே பாதி முடிவாகிவிடுகிறது. கணிதம் எடுக்காதவனுக்குப் பொறியியல் இல்லை. உயிரியல் எடுக்காதவளுக்கு மருத்துவம் இல்லை. மலையில் இது இன்னும் கடுமை. அருகிலுள்ள மேல்நிலைப் பள்ளியில் எந்தப் பிரிவு இருக்கிறதோ அதுவே பிள்ளையின் பிரிவு. ஒருபுறம், 1894இல் தோன்றிய திரு இருதய கன்னியர் மடப் பள்ளிக்கும் 1917இல் தொடங்கிய மாண்ட்போர்ட் பள்ளிக்கும் தொலைதூர நகரங்களிலிருந்து பிள்ளைகள் மலையேறிப் படிக்க வருகிறார்கள். மறுபுறம், இம்மலையிலேயே பிறந்த பிள்ளை கல்லூரிப் பாடம் தேடிச் சேலத்துக்கு இறங்குகிறது. கல்லூரியில் சேர்ந்தபின் துறை மாற வேண்டுமென்றால் பெரும்பாலும் அடுத்த ஆண்டு புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். ஓராண்டு போகும், கட்டிய கட்டணம் போகும், விடுதியிடமும் போகலாம். ஆகவே மாற்றத்தக்கது என்பதற்கு விலையில்லாதது என்று பொருளன்று. வீட்டுக்கு ஒரே ஒரு பிள்ளை முதல் பட்டதாரியாகும் நிலையில் அந்த விலை மிக அதிகம். இதை மறந்துவிட்டு அழைத்தலைப் பற்றிப் பேசும் மறையுரை, பசித்தவனுக்கு இலக்கணம் சொல்வதாகும்.

எனினும் விலையுண்டு என்பதற்காகத் தெரிவின் தன்மை மாறிவிடாது. நம் தமிழகத்தில் அனைவரும் அறிந்த ஒரு சான்றை எடுத்துக்கொள்வோம். 1950இல் இராமேசுவரத்து இளைஞர் ஒருவர் திருச்சி புனித வளனார் கல்லூரியில் இன்டர்மீடியட் வகுப்பில் சேர்ந்தார். 1844இல் நாகப்பட்டினத்தில் தோன்றி 1883இல் திருச்சிக்கு மாறிய கல்லூரி அது. இஞ்ஞாசியார் நிறுவிய இயேசு சபையாரின் கல்லூரி. இன்டர்மீடியட் முடிந்ததும் அவர் இயற்பியலில் இளங்கலை படித்தார். பின்னாளில் குடியரசுத் தலைவரான ஆ. ப. ஜெ. அப்துல் கலாம் அவர்கள்தாம் அந்த இளைஞர். அவர் இயற்பியலை ஏன் எடுத்தார்? 1999இல் வெளிவந்த தம் வாழ்க்கை வரலாற்றில் அவரே இதைச் சொல்லியிருக்கிறார். அறிவியல் மாணவனுக்கு வேறு என்னென்ன படிப்புகளும் வேலைகளும் உள்ளன என்பது அப்போது அவருக்குத் தெரியாது. பட்டம் பெறும் நிலையில்தான் இயற்பியல் தமக்குரிய துறை அன்று என்பதை உணர்ந்தார். கனவுகளைப் பற்றி அவர் பேசியதையெல்லாம் மேற்கோள் காட்டும் பள்ளி ஆண்டுவிழாக்களில் இந்தப் பகுதியை எவரும் எடுத்துரைப்பதில்லை.

பிறகு சென்னைத் தொழில்நுட்பக் கழகத்தில் இடம் கிடைத்தது. சேர்க்கைக்கு ஏறத்தாழ ஆயிரம் ரூபாய் தேவைப்பட்டது. தமக்கை சொகரா தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்து உதவினார். நாம் மேலே சொன்ன விலையை அங்கும் ஒருவர் செலுத்தியிருக்கிறார். அந்தக் கழகத்தில் முதலாண்டு முடிந்த பிறகே சிறப்புத் துறையைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. வளாகத்தில் பயன்பாட்டிலிருந்து நீக்கப்பட்ட இரண்டு விமானங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டிருந்தன. மற்ற மாணவர்கள் விடுதிக்குத் திரும்பிய பிறகும் அவர் அவற்றின் அருகே அமர்ந்திருப்பாராம். ஓராண்டு முடிந்து துறையைக் கேட்டபோது தயக்கமின்றி வானூர்திப் பொறியியல் என்றார். அதன் பின்னும் பாதை நேராகிவிடவில்லை. விமானப்படையில் விமானியாக விரும்பித் தேராதூனில் தேர்வுக்குச் சென்றார். இருபத்தைந்து பேருள் எட்டுப் பேர் தேவை, அவர் ஒன்பதாம் இடம் பெற்றார்.

இந்தக் கதையில் நம் கவனத்தைக் கவர்வது குடியரசுத் தலைவர் பதவியன்று. அந்த இரண்டு பழைய விமானங்கள். பொருளைக் கண்ணால் கண்டு, அருகில் அமர்ந்து, ஓராண்டு கழிந்த பிறகு அவர் தெரிவு செய்தார். நம் பிள்ளைகளோ விமானத்தைப் பார்க்குமுன்பே தெரிவு செய்கிறார்கள். உளவியல் என்றால் என்ன, புள்ளியியல் துறையில் முதல் பருவத்தில் என்ன கற்பிக்கப்படுகிறது, சமூகப்பணி படித்தவர் காலை எட்டு மணி முதல் மாலை வரை என்ன செய்கிறார் என்பதை ஒருமுறையேனும் பார்த்திராத பிள்ளையிடம், உனக்கு எது விருப்பம் என்று கேட்கிறோம். தெரியவில்லை என்று அது சொன்னால், இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு இலட்சியமே இல்லை என்கிறோம்.

‘தெரியவில்லை’ என்ற இந்தச் சொல்லைக் கொஞ்சம் நின்று கேட்க வேண்டும் என்பதே நாம் பல ஆண்டுகளாய்க் கற்றுக்கொண்டது. பெரும்பாலும் அதன் பொருள், யாரும் எனக்குக் காட்டவில்லை என்பதே. அதற்கு மருந்து செபமன்று; காட்டுவதுதான். சில வேளைகளில் அதன் பொருள், இரண்டும் பிடித்திருக்கிறது என்பது. அது நல்ல இக்கட்டு. ஒரு நாணயத்தைச் சுண்டிப் போட்டாலும் பெருங்கேடு வராது. மற்றும் சில வேளைகளில், எனக்கு நன்றாகவே தெரியும், அப்பாவிடம் சொல்லத்தான் தெரியவில்லை என்பது பொருள். இந்த மூன்றாவது வகையைத் தெளிவின்மை என்று எண்ணி அறிவுரை கூறினால் நேரந்தான் வீணாகும்.

ஊர் வழக்கும் குறுக்கே நிற்கிறது. ஒரு காலத்தில் ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் என்றால் அனைவரும் அதற்கே ஓடினார்கள். பொறியியலுக்கான நுழைவுத் தேர்வு 2007இல் நீங்கிய காலத்தில் ஊரெங்கும் பொறியியல். இப்போது யாரைக் கேட்டாலும் கணினி அறிவியல். சித்தப்பா மகன் எடுத்தான், ஆகவே நீயும் எடு! இம்மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினரிடம் ஒரு மரபுக்கதை உண்டு. காஞ்சியிலிருந்து புறப்பட்ட அண்ணன் தம்பிமார் மூவருள் மூத்தவர் சேர்வராயன் மலையில் குடியேற, மற்ற இருவரும் கொல்லிமலைக்கும் பச்சைமலைக்கும் சென்றார்களாம். மூவரும் ஒரே மலையில் அடித்துக்கொள்ளவில்லை.

இனி, இரண்டாண்டுகளுக்கு முன் நம்மிடம் வந்த ஒரு மாணவியைப் பற்றிச் சொல்வோம். பெயரும் ஊரும் வேண்டா. தந்தை காப்பித் தோட்டத் தொழிலாளி; தாய் பழம் பறிக்கும் காலத்தில் தோட்டத்துக்கும், மற்றக் காலத்தில் கிடைத்த வேலைக்கும் போகிறவர். அவளுக்குக் கீழே இரண்டு தம்பிகள். உயிரியல் பிரிவில் நல்ல மதிப்பெண். மருத்துவத்துக்கான நீட் தேர்வை எழுதவில்லை. தந்தை செவிலியர் படிப்பு என்றார். சேலத்து அத்தை கணினி அறிவியல் என்றார். அவள், “தெரியல ஃபாதர்” என்றாள். அதற்கு மேல் ஒரு சொல்லும் இல்லை.

இஞ்ஞாசியார் மனம் அமைதியாயிருக்கும் காலத்தில் தெரிவு செய்வதற்குச் சில வழிகளைக் கற்பிக்கிறார். அவற்றுள் ஒன்று நமக்கு மிகவும் பயன்பட்டிருக்கிறது. முன்பின் அறியாத ஒருவர் இதே நிலையில் வந்து அறிவுரை கேட்டால், அவரது முழு நன்மையை விரும்பி நாம் என்ன சொல்வோமோ அதை நாமே கடைப்பிடிப்பது. அதை அவளிடம் சொன்னோம். “உன் மதிப்பெண், உன் வீடு, இரண்டு தம்பிகள், எல்லாம் அப்படியே இருக்கும் ஒரு பெண் கொல்லிமலையிலிருந்து வந்து உன்னைக் கேட்கிறாள் என்று வைத்துக்கொள். என்ன சொல்வாய்?”

அவள் வெகுநேரம் பேசாதிருந்தாள். பின்பு, “தாவரவியல் எடுக்கச் சொல்லுவேன் ஃபாதர்” என்றாள். சற்றுப் பொறுத்து, “ஆனா, அவங்க அப்பாகிட்ட யார் பேசுவாங்க?” என்று கேட்டாள்.

தாவரவியல் என்று அவள் சொன்னது வெறும் விருப்பமன்று. இந்தியத் தாவரவியல் அளவீட்டுத் துறை 1963இல் நிறுவிய தேசிய ஆர்க்கிட் பூங்கா ஏற்காட்டிலேயே இருக்கிறது. பள்ளியிலிருந்து ஒருமுறை அங்கு அழைத்துச் சென்றார்களாம். பிறகு அவளாகவே இருமுறை போயிருக்கிறாள். மரத்தின் மேல் வாழ்ந்தும் மரத்தின் சாற்றை உறிஞ்சாத செடிகளைப் பற்றி நமக்கே விளக்கினாள். அவளுக்கு விமானம் கண்ணில் பட்டிருந்தது. தாவரவியல் நமக்கும் அந்நியமானதன்று. சேர்வராயன் உள்ளிட்ட இந்தப் பகுதி மலைகளின் செடிகொடிகளைத் தொகுத்து, 1980களில் பெரும் நூல்வரிசையாக வெளியிட்டவர் இயேசு சபைக் குருவான மறைந்த கே. எம். மேத்யூ அடிகளார். திருச்சியில் இராப்பினாட் உலர்தாவரகம் 1967இல் அவரது முயற்சியால் தோன்றியது. ஆகவே குருமார் இத்துறையைப் பரிந்துரைத்தால் வியப்படைய வேண்டியதில்லை என்று அவளிடம் வேடிக்கையாகச் சொன்னோம்.

தந்தை வந்தார். நாம் இறையியலைத் தொடங்குமுன்பே அவர் தொடங்கிவிட்டார். “பிடிச்சது, பிடிக்காதது எல்லாம் வயிறு நெறஞ்ச பெறகு, சாமி. பொட்டப்புள்ள படிச்சு முடிச்சு என்னைக்குச் சம்பளம் வாங்கும்? அதைச் சொல்லுங்க.” இதை அறியாமை என்று ஒதுக்கிவிடும் அறிவுரையாளர்கள் இருக்கிறார்கள். நாம் அவ்வாறு எண்ணவில்லை. நாற்று வைத்து மூன்று நான்கு ஆண்டு காத்திருந்தால்தான் காப்பி காய்க்கும் என்பதை அறிந்த மனிதர் அவர். காத்திருக்கும் காலத்தில் என்ன சாப்பிடுவது என்பதுதான் அவர் கேள்வி.

ஆகவே தாளை எடுத்துக் கணக்குப் போட்டோம். செவிலியர் இளங்கலை நான்காண்டு. அரசுக் கல்லூரியில் இடம் கிடைக்காவிட்டால் தனியார் கட்டணம், அதற்கு வங்கிக் கடன். தாவரவியல் மூன்றாண்டு, அரசுக் கல்லூரியில் கட்டணம் மிகக் குறைவு, அதனுடன் ஈராண்டுக் கல்வியியல் பட்டம் சேர்ந்தால் பள்ளி ஆசிரியைப் பணிக்குத் தகுதி. அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்வி செல்லும் மாணவியருக்கு மாதம் ஆயிரம் ரூபாய் வழங்கும் ‘புதுமைப்பெண்’ திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியிருந்தது. அதையும் கணக்கில் சேர்த்தோம். எந்தப் பட்டம் பெற்றாலும் எழுதக்கூடிய அரசுப் பணித் தேர்வுகள் உள்ளன. சட்டப் படிப்புக்கும் சமூகப்பணி முதுகலைக்கும்கூட எந்தப் பட்டமும் போதும். ஆனால் பள்ளியில் ஒரு பாடத்தைக் கற்பிக்க வேண்டுமென்றால் அந்தப் பாடத்தில் பட்டம் இருக்க வேண்டும். திசை தெரியாதபோது எந்தக் கதவு பின்னால் மூடிக்கொள்ளும், எது திறந்தே கிடக்கும் என்று பார்ப்பது கோழைத்தனமன்று. அந்தத் தந்தை இதை நம்மைவிட விரைவாகப் புரிந்துகொண்டார். மிளகுக் கொடியைச் சில்வர் ஓக் மரத்தில் ஏற்றிவிடுகிறவருக்கு, ஒரே நிலத்தில் இரண்டு விளைச்சலுக்கு வழி வைப்பது புதிதன்று.

அவர் முழுமனத்தோடு இசைந்தார் என்று எழுதினால் அது பொய்யாகும். செவிலியர் படிப்புக்கும் ஒரு விண்ணப்பம் போடவேண்டும் என்றார், போட்டோம். அரசுக் கல்லூரி விண்ணப்பத்தில் விருப்ப வரிசை கேட்கப்படும் இடத்தில் அவள் தாவரவியலை முதலாவதாகவும் விலங்கியலை இரண்டாவதாகவும் குறித்தாள். அத்தை இன்றளவும் நம்மிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. தாவரவியலில் இடம் கிடைத்தது.

முதல் பருவத் தேர்வில் ஒரு தாளில் தோற்றாள். அன்று மாலையே வந்து, விட்டுவிடுகிறேன், அப்பா சொன்னதுதான் சரி என்றாள். மனம் வறண்டு இருள் சூழ்ந்த வேளையில், முன்பு தெளிவான மனத்தோடு எடுத்த முடிவை மாற்றாதே என்பது இஞ்ஞாசியாரின் மற்றொரு விதி. மாற்றத்தக்க தெரிவாயினும், முறையாகச் செய்யப்பட்டிருந்தால் அதை மீண்டும் மீண்டும் கிளறிக்கொண்டிராமல் அதிலேயே நிறைவடைய முயல வேண்டும் என்றும் அவர் கூறுகிறார். மாற்ற விரும்பினால் மாற்றலாம். தோற்ற அன்று மாற்ற வேண்டாம், தாளைத் திரும்ப எழுதித் தேர்ந்த பிறகு வந்து பேசு என்று சொல்லி அனுப்பினோம். எழுதித் தேர்ந்தாள். பேச வரவில்லை.

அந்த ஆண்டிலிருந்து நம் பங்கில் ஒரு சிறு வழக்கத்தைத் தொடங்கியிருக்கிறோம். தேர்வு முடிவு வந்ததை அடுத்த ஞாயிற்றுக்கிழமை, திருப்பலிக்குப் பின், கல்லூரியில் படிக்கும் மலைப்பிள்ளைகள் தங்கள் பாடநூல்களோடு வந்து உட்காருகிறார்கள். சொற்பொழிவு கிடையாது. புதியவர்கள் நூல்களைப் புரட்டிப் பார்க்கலாம்; எது கடினம், எது சலிப்பு, பேருந்து எத்தனை மணிக்கு, விடுதியில் சோறு எப்படி என்று கேட்கலாம். கத்தோலிக்கர் அல்லாத வீட்டுப் பிள்ளைகளும் வருகிறார்கள். சென்ற ஆண்டு ஒரு பையன் புள்ளியியல் நூலை ஒரு மணி நேரம் கீழே வைக்கவே இல்லை. அவன் தந்தை பக்கத்தில் நின்று வணிகவியல் மாணவனிடம் வேலைவாய்ப்பு விசாரித்துக்கொண்டிருந்தார்.

அந்த மாணவி இப்போது இரண்டாம் ஆண்டில் இருக்கிறாள். பட்டத்துக்குப் பின் ஆசிரியைப் பணியா, முதுகலையா, வனத்துறைத் தேர்வா என்று கேட்டால் இன்னமும் “தெரியல ஃபாதர்” என்றே சொல்கிறாள். ஆனால் இப்போது சிரித்துக்கொண்டு சொல்கிறாள். தந்தையின் மனம் எந்த அளவுக்கு மாறியிருக்கிறது என்பதை நாம் அறியோம். சில வாரங்களுக்கு முன் ஞாயிறு திருப்பலி முடிந்ததும் அவர் காப்பிச் செடியின் தண்டு ஒன்றை வெட்டிக் கொண்டுவந்திருந்தார். துளைப்பான் குடைந்த தண்டு. கோவில் முற்றத்திலேயே அதை மகளிடம் நீட்டி, “இவ்வளவு நாளாப் படிக்கிறியே, இதுக்கு என்ன பண்றது, சொல்லு” என்றார்.

அவள் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “இது புழுப்பா. விலங்கியல்காரங்களைத்தான் கேக்கணும்” என்றாள்.

அவர் நம்மைப் பார்த்தார். நாம் ஒன்றும் சொல்லவில்லை. திங்கட்கிழமை காலை முதல் பேருந்தில், அந்தத் தண்டைச் செய்தித்தாளில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு அவள் சேலத்துக்கு இறங்கியதாகக் கேள்விப்பட்டோம்.